தூறலக்கா கண்ணாடி அறையை விட்டு வந்த கதை

திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாளாம்! போனாள்தான். யார் இல்லை என்றது? பிள்ளை உள்ளே தொண்டை கிழியக் கத்தினான், இவள் விறுவிறுவென்று நடந்து வெளியே போனாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள் அதைக் கண்ணாரப் பார்த்தாள். வந்து மாடிவீட்டுக்காரியிடம் சொன்னாள். மாடிவீட்டுக்காரியிடம் சொன்னால் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம். மறுநாள் காலை இஸ்திரிக் கடை திறந்திருந்தது. இவள் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அதையும் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கி, பெற்ற பிள்ளையைச் சாகப் போட்டுவிட்டு வந்து ஊரார் சட்டையைத் தேய்க்கிறாள் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். பார்த்ததில் ஒன்றும் பொய் இல்லை. தீர்ப்புதான் பொய்.

பிள்ளை சாகவில்லை. முதலில் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நிமிஷம் அந்தக் கண்ணாடி அறைக்குள் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். நாளைக்கு என்ன ஆகும் என்று டாக்டருக்கே தெரியாது, மாடிவீட்டுக்காரிக்கு மட்டும் எப்படித் தெரியும்? இவள் ஏன் கடை திறந்தாள் என்று கேட்டால், கை சும்மா இருந்தால் கால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடும், அதனால் திறந்தாள். ஏன் ஓடக்கூடாது என்பதுதான் கதை. நடுவில் யாரும் வாய் திறக்காமல் இருந்தால் முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

தெரு முனையில், சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, ஒரு கதவு அகலத்தில் அந்த இஸ்திரிக் கடை. பின்கட்டில் கணவன் துவைப்பான். முன்பக்கம் மேஜை போட்டு இவள் தேய்ப்பாள். மேஜைமேல் பழைய கம்பளிகளை நாலாய் மடித்து விரித்து, அதற்குமேல் ஒரு வெள்ளைத் துணி. அந்தத் துணியில் பெட்டி சுட்ட பழுப்புத் தடங்கள் சின்னச் சின்னப் படகுகள் மாதிரி மிதக்கும். இவள் முன்கையிலும் அதே மாதிரி தடங்கள் உண்டு. இஸ்திரிக்காரி கையில் சூடு இல்லையென்றால் அவள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இவளுக்கு மட்டும் ஒரு வித்தை இருந்தது. வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு, உதட்டைக் குவித்து, காய்ந்த துணிமேல் "ஃபூ" என்று ஊதுவாள். சொட்டுச் சொட்டாக விழாது; பனி மாதிரி, புகை மாதிரி, சட்டை முழுக்க ஒரே சீராகப் படியும். காலை வெயில் கடைக்குள் விழுகிற நேரத்தில் அந்தத் தூறலில் நிறம் நிறமாக ஒரு வளைவு தோன்றி மறையும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே வாசலில் நிற்பார்கள். "அக்கா, ஒரு தடவை! இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று கெஞ்சுவார்கள். "போங்கடா, எனக்கென்ன வாயில குழாயா வெச்சிருக்கு?" என்று விரட்டிக்கொண்டே இன்னொரு முறை ஊதுவாள். அப்படித்தான் அவள் தூறலக்கா ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்காரனுக்கு மட்டும்தான் தெரியும்.

மூத்தது பெண். அது மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பெண். வெகு நாள் கழித்து ஒரு பையன் பிறந்தான். உருண்டையாக, பச்சைப் பட்டாணி மாதிரி இருந்தான், பட்டாணி என்றே கூப்பிட்டார்கள். கொஞ்ச மாதம் நன்றாகத்தான் இருந்தான். அப்புறம் வாயெல்லாம் மாவு பூசினது மாதிரி வெள்ளை படர்ந்தது. துடைத்தால் ரத்தம் கசியும், மறுபடி படரும். ஒரு இருமல் வந்தது, வந்தது போகவே இல்லை. வயிறு எந்நேரமும் கழிந்தது. மருந்துக் கடைக்காரர் மருந்து கொடுத்தார், சின்ன டாக்டர் கொடுத்தார், இன்னொரு டாக்டர் கொடுத்தார். பிள்ளை இளைத்துக்கொண்டே போனான். "நம்ம பட்டாணி காஞ்ச பட்டாணி ஆயிட்டான்டி" என்று ஒருநாள் கணவன் வேடிக்கை பேசப்போய், பேசி முடிப்பதற்குள் குரல் உடைந்து பின்கட்டுக்குள் ஓடிவிட்டான்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், அந்த ரத்தத்தை இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள், திரும்பவும் எடுத்தார்கள். ஒருநாள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார் டாக்டரம்மா. அந்த அம்மாவின் வெள்ளைக் கோட்டுக் காலரில் மடிப்பு இரண்டாக விழுந்திருந்தது. யாரோ அவசரத்தில் தேய்த்த வேலை. தூறலக்கா அந்த இரட்டை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கப் பயம்.

"நம்ம எல்லாருக்கும் ரத்தத்துல கிருமியை எதிர்த்து நிக்கிற அணுக்கள் இருக்கும்மா. இவனுக்கு அது பிறக்கும்போதே இல்ல. முதல் சில மாசம் நீங்க வயித்துக்குள்ளயே கொடுத்தனுப்பின சக்தி காப்பாத்திச்சு. அது தீர்ந்துபோச்சு. இனிமே ஒரு சாதாரண சளி போதும். நமக்கு மூக்கு ஒழுகுறதோட போகும். இவனை அதுவே கொண்டுபோயிடும்."

டாக்டரம்மா தூறலக்காவைப் பார்த்து, "உங்ககூடப் பிறந்த பசங்க யாராவது கைக்குழந்தையா இருக்கும்போதே தவறியிருக்காங்களா?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

"ரெண்டு பேரு," என்றாள்.

கணவன் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டும் தம்பிங்க. எங்கம்மா பாலு ஒத்துக்கலன்னு சொன்னாங்க டாக்டர். வாயெல்லாம் வெள்ளையா..." சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. மூத்த தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். அவன் வாயைத் துணியால் துடைத்தவளும் அவள்தான். அந்த வெள்ளையை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் கழித்து மகன் வாயில் அதே வெள்ளையைப் பார்த்தபோது, எங்கேயோ பார்த்தது மாதிரி இருக்கிறதே என்றுகூடத் தோன்றாமல் போயிற்று.

"பால் மேல பழி போட்டுட்டாங்க. பால் ஒண்ணும் செய்யலம்மா," என்றார் டாக்டரம்மா. "இது அம்மாகிட்ட இருந்து பையனுக்குப் போற குறை. பொண்ணுங்க உடம்புல இருந்தா வெளியே தெரியாது. தெரியாமலே கைமாத்தி விட்டுடுவாங்க."

"அப்ப நான்தானா?"

"நீங்களா கொடுக்கலையே. உங்களுக்கே தெரியாம உங்ககிட்ட இருந்தது."

"எனக்கு இதுல பங்கே இல்லையா டாக்டர்?" என்று கேட்டான் கணவன். இல்லை என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப அந்தப் பெரிய மூக்கு மட்டும்தான் என்னுது," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கச் சொல்லவும் இல்லை. மனைவி கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தான், வெட்கத்தில் வாய் அதைச் சொல்லிவிட்டது.

அவளைப் பெற்ற தாய்க்காரி கடைசி மூச்சுவரை தன் பாலையே திட்டிக்கொண்டு செத்தாள். அது தப்பு, பால் ஒன்றும் செய்யவில்லை என்று இனிமேல் போய் யாரிடம் சொல்ல? தூறலக்காவுக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் பிள்ளையின் முகத்தைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு, ஏறுகிறவர், இறங்குகிறவர், இருமுகிறவர் எல்லோரையும் எதிரியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

வழி ஒன்று இருந்தது. பொருந்துகிற ஆளின் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்து இவனுக்கு ஏற்றினால், அது உள்ளே வேர்பிடித்து, எதிர்த்து நிற்கிற அணுக்களைப் புதிதாக உண்டாக்கும். எல்லோரையும் சோதித்தார்கள். அச்சு அசலாகப் பொருந்தியது அக்காக்காரி, மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிற அந்தப் பெண். அவளிடம் கேட்டபோது, "எடுத்தா எனக்கு மறுபடி ஊறுமா?" என்றாள். ஊறும் என்றார்கள். "அப்ப எடுத்துக்கட்டும். ஆனா அதுக்கப்புறம் அவன் என் பென்சிலைக் கடிக்கக் கூடாது. சொல்லிவையுங்க."

பிள்ளை உள்ளே இருக்கிற வாரங்கள் முழுக்க ஒரே ஒரு ஆள்தான் கூட இருக்கலாம், அது பெற்றவள். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்றாக இன்னொரு ஆள் தயாராக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். கணவன் முன்னால் வந்தான். டாக்டரம்மா அவன் விரல்களை வாங்கிப் பார்த்தார். ஈரத்திலேயே கிடந்து நகக்கண்ணெல்லாம் வெளுத்து, நகங்கள் மஞ்சளாய்ப் பொடிந்திருந்தன.

"இது பூஞ்சை. நீங்க உள்ள வரவே கூடாது."

"நாள் பூரா சோப்புலயே கிடக்கிற கை டாக்டர். இதைவிடச் சுத்தமான கை இந்த ஊர்லயே கிடையாது," என்றான் அவன். ஆனாலும் அந்தக் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து மகனை அவன் தொடவில்லை.

அப்படியானால் வேறு யார்? சொந்தம் என்று இருந்தது கணவனின் தங்கை ஒருத்திதான். பெரிய கடை வளாகத்தின் வாசலில் செக்யூரிட்டி வேலை. உள்ளே வருகிற பெண்களின் பையைத் திறந்து பார்ப்பாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவள் பேச்சும் விசில்தான், மூன்று வீடு தள்ளிக் கேட்கும். எல்லோரும் விசில் என்றே கூப்பிட்டார்கள். நகங்களை நீளமாக வளர்த்துச் சிவப்புப் பூசி, அவற்றை மெச்சிக்கொண்டே பேசுவாள். அண்ணன் வாய் தவறி ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டான். அவள் நேரே கடைக்கு வந்தாள். வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களையும் பார்க்கவில்லை.

"உங்கம்மா ரெண்டு பையனைத் தின்னா. இப்ப நீ எங்கண்ணன் பிள்ளையைத் தின்னப் போறியா?"

தூறலக்கா பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்தாள். யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டை முதுகில் அது குப்புறக் கிடந்தது. புகை வந்தபிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. அந்தக் கடை திறந்ததிலிருந்து எரிந்த முதல் சட்டை அது.

"இனிமே என் பிள்ளை மேல உன் கை பட்டுச்சுன்னா," என்று பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள் தூறலக்கா, "இதாலயே அந்த நகத்தைச் சுட்டுடுவேன்."

"தொடமாட்டேன் போ! நீயே வெச்சுக்கோ உன் சீக்கை!"

அதோடு பேச்சு நின்றது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் மாற்று ஆள் என்ற கட்டத்தில் கணவன் அவள் பெயரைத்தான் கொடுத்தான், வேறு பெயர் இல்லை. தூறலக்கா ஒத்துக்கொண்டாள். மனசுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டாள்: எனக்கு ஒன்றும் வராது. நான் வரவிடமாட்டேன். செத்தாலும் அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டேன்.

உள்ளே போவதற்கு முன்னால் வீட்டையே ஆஸ்பத்திரியாக மாற்றினாள். பிள்ளைக்கு வருகிற துணியெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் அலசி, சூடாகத் தேய்த்து, உடனே பையில் போட்டுக் கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தேய்ப்பதா? உலகத்திலேயே அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அது. சட்டை, விரிப்பு, தலையணை உறை, இடுப்புத் துணி, துணியில் தைத்த பந்து வரை தேய்த்தாள். ஒரு சுருக்கம் இருந்தாலும் அதற்குள் கிருமி ஒளிந்திருக்கிறது மாதிரி தேய்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள், சின்ன வயசுப் பெண். அறையைப் பார்த்தாள், தண்ணீர்ப் பானையைப் பார்த்தாள், நல்லா வெச்சிருக்கீங்க அக்கா என்றாள். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"துணியை எப்படித் தேய்க்கிறேன் பாருங்க," என்று பிள்ளையின் சட்டை ஒன்றை மேஜைமேல் விரித்தாள். டம்ளரை எடுத்தாள். வாயில் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டாள். ஃபூ.

நர்ஸ் கத்திய கத்தலில் சைக்கிள் கடைக்காரன் ஸ்பேனரோடு ஓடிவந்தான்.

"என்னக்கா பண்றீங்க! வாயில இருந்தா?"

தூறலக்காவுக்கு முதலில் புரியவில்லை. டம்ளரைப் பார்த்தாள், சுத்தமான தண்ணீர்தானே, கொதிக்க வைத்து ஆறவிட்டதுதானே. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அவன் போர்த்தின ஒவ்வொரு துணியும், தலை சாய்த்த ஒவ்வொரு உறையும், கடித்து விளையாடின அந்தப் பந்தும்...

"சூட்டுல முக்கால்வாசி செத்துப்போகும்," என்று நர்ஸ் இப்போது குரலைத் தணித்துச் சொன்னாள். "ஆனா மடிப்புக்குள்ள ஈரம் நிக்குது பாருங்க. நம்ம வாயில கோடிக் கிருமி இருக்கும், நமக்கு ஒண்ணும் செய்யாது. இவனுக்குத்தான்..."

"போதும்மா," என்றாள் தூறலக்கா. "விளங்கிடுச்சு."

கட்டிவைத்த பைகள் அத்தனையையும் பிரித்து, முதலிலிருந்து துவைக்கப் போட்டாள். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி வாங்கினாள், அழுத்தினால் தண்ணீர் தெளிக்கிறது. தூறல் நின்றுபோயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நின்று பார்த்துவிட்டு, அந்தக் குப்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். அவள் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள், வாடிக்கைக்காரரிடம்கூடத் தலையசைப்பில்தான் பேச்சு. திமிர் வந்துவிட்டது என்று தெருவில் பேசினார்களே, அது இந்தச் சமயத்தில்தான். திமிரும் இல்லை ஒன்றும் இல்லை. தன் வாயைக் கண்டு அவளுக்கே பயம். எந்நேரமும் நாக்கால் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வாள், வாசலில் கட்டிப்போட்ட நாய் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

பிறகு கண்ணாடி அறை. வராந்தாவிலிருந்து ஒரு கதவு, அதைத் தாண்டினால் கை கழுவுகிற சின்ன இடம், அதையும் தாண்டி இன்னொரு கதவு. எந்நேரமும் ஒரு இயந்திரம் காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும், அந்த உறுமலுக்கு அவள் காது பழகிவிட்டது. எழுந்தாலும் உட்கார்ந்தாலும் வாயிலும் மூக்கிலும் முகமூடி. முத்தம் இல்லை. பட்டாணிக்கு அம்மா என்றால் இரண்டு கண்ணும் ஒரு நீலத் துணியும்தான். அதிலும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தான். உள்ளங்கையை அவள் முகமூடிமேல் வைத்து அழுத்துவான். இவள் உள்ளேயிருந்து மெதுவாக ஊதுவாள். துணி வழியாகக் கதகதவென்று காற்று கையில் பட்டதும், இரண்டு பல் தெரியச் சிரிப்பான். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த கொஞ்சல்.

மஜ்ஜை வந்த நாளில் அவள் பெரிதாக என்னவோ எதிர்பார்த்தாள். வந்தது ஒரு சின்னப் பை, கருஞ்சிவப்பாக. மற்ற மருந்து மாதிரியே குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. "இவ்வளவுதானா?" என்று நர்ஸிடம் கேட்டாள். இவ்வளவுதான் என்றாள் அவள். வீட்டுக்கு வந்த அதே சின்ன நர்ஸ். "உங்க பொண்ணு எழுந்து உட்கார்ந்தாச்சு. பென்சில் விஷயம் ஞாபகம் இருக்கான்னு கேட்டா."

அதற்கப்புறம் காத்திருப்பு. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் நர்ஸின் முகத்தைப் படிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ துளிர்க்கிறது என்றார்கள், ஆனால் துளிர்க்கிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்றும் சொன்னார்கள். தினமும் காலையில் நர்ஸ் வந்து இவளிடமும் வரிசையாகக் கேட்பாள்.

"காய்ச்சல்?"

"இல்ல."

"சளி, இருமல்?"

"இல்ல."

"உடம்புல எங்கயாவது புண், கொப்புளம்?"

"இல்ல."

கேட்டுக் கேட்டு, கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு எழுந்ததிலிருந்தே கீழுதட்டின் ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு. நாக்கு அங்கே போய் எதையோ தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. கடுகளவுதான். "இல்ல" என்று சொல்லி முடித்து, நர்ஸ் போனபிறகு, கை கழுவுகிற இடத்தில் முகமூடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் குழாயின் பளபளப்பில் பார்த்தாள். நீர் கோத்து நாலைந்து குட்டிக் கொப்புளங்கள், நெருக்கமாக.

சூடுபட்டதாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். எத்தனை தடவை பட்டிருக்கிறது! ஆனால் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு எத்தனை வாரம் ஆயிற்று? இந்த அறையில் ஏது பெட்டி? வருஷத்துக்கு ஒரு முறை, களைத்துப் போகிற சமயத்தில், இந்த இடத்தில் இப்படி வரும். வந்து நாலு நாளில் காய்ந்து உதிரும். அதை யாராவது நோய் என்று சொல்வார்களா? ஆனால் உள்ளே வந்த முதல் நாளே டாக்டரம்மா தன் உதட்டோரத்தில் விரலை வைத்துக் காட்டிச் சொன்னது நினைவில் இருந்தது: இங்க வர்ற கொப்புளம் நமக்கு ஒண்ணுமில்ல, இவனுக்கு அது மூளை வரைக்கும் போகும்.

முகமூடியை மேலே இழுத்து, கம்பியை மூக்கில் அழுத்தினாள். வெளியே யாருக்கும் தெரியாது. துணிக்கு அடியில் இருக்கிறது, துணியை எடுக்கப்போவதில்லை, நாலு நாள்தானே? சொன்னால் வெளியே போகச் சொல்வார்கள். போனால் அந்த விசில் வருவாள். நாள் பூரா ஊர்ப் பெண்களின் பையைத் துழாவுகிற கை, அந்த நகம், அந்த வாய், இவன்மேல். சொல்லமாட்டேன் என்று முடிவுசெய்துகொண்டு பால் புட்டியோடு கட்டிலருகே போனாள்.

பட்டாணி பால் குடித்தான். குடித்து முடித்து, விளையாட்டுக்காகக் கையை நீட்டி முகமூடிமேல் வைத்தான். அவள் ஊதவில்லை. காத்திருந்தான். மறுபடி அழுத்தினான். அவள் ஊதவில்லை. இவனுக்குக் கோபம் வந்துவிட்டது. விரலை முகமூடியின் ஓரத்தில் நுழைத்துக் கொக்கி மாதிரி மாட்டி, ஒரே இழுப்பு.

வாய் வெளியே வந்துவிட்டது. இத்தனை வாரத்தில் அவன் முதல்முறையாக அம்மாவின் வாயைப் பார்த்தான். கண்ணை அகலமாக்கி, அதிசயத்தைக் கண்டது மாதிரி சிரித்து, அதைத் தொடக் கையை நீட்டினான்.

தூறலக்கா தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். மண்டை சுவரில் மோதிய சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். விரல் உதட்டில் பட்டதா, படவில்லையா? பட்டது மாதிரியும் இருந்தது, படாதது மாதிரியும் இருந்தது. இன்றுவரை அவளுக்கு அது தெரியாது. ஒரு கையால் அவன் கையை வாய்க்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் மணியை அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா? என்னாச்சு?" நர்ஸ் ஓடிவந்தாள்.

"காலைல பொய் சொல்லிட்டேன். உதட்டுல இருக்கு. அவன் கையைக் கழுவு, முதல்ல அவன் கையைக் கழுவு!"

நர்ஸின் கண்ணிலிருந்து ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையை வாங்கிக்கொண்டாள், கையைக் கழுவினாள், யாரையோ அழைத்தாள். டாக்டரம்மா வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, அவனுக்கு மருந்தைக் கூட்டியாச்சு, இரண்டு வாரம் பார்க்கணும், நீங்க இப்பவே வெளிய வரணும், புண் ஆறி உதிர்ந்தாலும் நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார். அவ்வளவுதான்.

"மாத்து ஆளைக் கூப்பிடுறேன்," என்றாள் நர்ஸ்.

"அவ வேண்டாம்! அவ கூட்டத்துல நின்னு வேலை பாக்கிறவ. ஊர்ச் சீக்கையெல்லாம் கொண்டுவந்துடுவா."

"அவங்களா?" நர்ஸ் இவளை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க உள்ள வந்த அன்னைக்கே வேலையை விட்டுட்டாங்களேக்கா. பின்னாடி விடுதியில தனி ரூம்ல இருக்காங்க. வெளிய போறதில்ல, யாரையும் பார்க்கிறதில்ல. சாப்பாட்டைக்கூட வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்றாங்க."

"யாரு?"

"உங்க நாத்தனார்தான்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே?"

"சொல்லக் கூடாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. தெரிஞ்சா நீங்க வேற ஆளைத் தேடுவீங்களாம்."

தூறலக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவளுக்கு விழுந்த அடிகளில் இது எத்தனையாவது என்று அவளுக்கே தெரியவில்லை.

கை கழுவுகிற அந்தச் சின்ன இடத்தில் இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றார்கள். வந்தவளுக்கும் தலைமுதல் கால்வரை அங்கி, முகமூடி, கண் மட்டும்தான் வெளியே. கழுத்தில் விசில் இல்லை. குழாயை முழங்கையால் திறந்து, இரண்டு கையையும் நுரைக்க நுரைக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள், சதை தெரிகிற மாதிரி. சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. பத்து விரலும் பள்ளிக்கூடப் பையனின் விரல் மாதிரி மொட்டையாக இருந்தன.

"என்ன அண்ணி, அப்படிப் பாக்கிற? சுடுறேன்னியே, பெட்டி எங்க?"

"உள்ள தரமாட்டேங்கிறாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள்; முகமூடிக்குள் அது சிரிப்பு மாதிரிக் கேட்கவில்லை.

"அண்ணி, அன்னைக்கு நான் கடையில வந்து..."

"அதை இப்ப எடுக்காத. எடுத்தா எனக்குக் கோவம் வரும், கோவம் வந்தா உன்னை உள்ள விடமாட்டேன்." பிடிவாதக்காரி. அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. "கேட்டுக்கோ. பால் புட்டியைக் கையில வாங்கித் தானே பிடிச்சுக்குவான், பிடுங்காத. இடது பக்கமா சாய்ச்சுப் போட்டாதான் தூங்குவான். உன் முகமூடி மேல கையை வெப்பான். அப்ப ஊது."

"விசிலையா?"

"வாயாலடி! மெதுவா. அவன் கையில காத்து படணும். அவ்வளவுதான்."

"சரி." விசில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக ஆகும் என்று யாருக்கும் தெரியாது. "அண்ணி, நீயும் ஒண்ணு கேட்டுக்கோ. போகும்போது திரும்பிப் பாக்காத. நீ நிக்கிறது தெரிஞ்சா இவன் கண்ணாடியை விட்டு வரமாட்டான். பால் குடிக்கமாட்டான், மருந்து குடிக்கமாட்டான். நீ போயிட்டேன்னு தெரிஞ்சாதான் எங்கிட்ட வருவான்."

"என்னை விரட்டுற."

"ஆமா, விரட்டுறேன். இத்தனை வருஷம் வாசல்ல நின்னு அந்த வேலைதானே பாத்தேன்?"

அவள் உள்ளே போனாள், இவள் வெளியே வந்தாள். கதவு மூடிக்கொள்வதற்குள் பட்டாணி பார்த்துவிட்டான். இரண்டு நீலத் துணி, இரண்டு ஜோடிக் கண்; எது தன்னுடையது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்போது எழுந்த கத்தல்தான் தரை துடைக்கிறவள் கேட்ட கத்தல். கண்ணாடியைக் கையால் படபடவென்று அடிக்கிற சத்தமும் கேட்டது. இவள் கால் ஒரு கணம் நின்றது. நின்றதையும் அந்தப் பெண் பார்த்திருப்பாள், ஆனால் அதை மாடிவீட்டுக்காரியிடம் சொல்ல மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

நடந்தாள். தரை துடைக்கிறவள் துடைப்பத்தைத் தூக்கி வழி விட்டாள். வராந்தாவின் கோடியில் லிப்ட் இருந்தது. அதன் எஃகுக் கதவு கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் நீள வராந்தா முழுவதும் தெரிந்தது, வராந்தாவின் கடைசியில் அந்த அறையும், கண்ணாடிமேல் அப்பிக்கொண்டு நிற்கிற ஒரு சின்ன உருவமும். தூறலக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். சுவரைத் தடவிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினாள். கீழே வரும்போதும் அவன் குரல் கேட்கிற மாதிரியே இருந்தது, அது கேட்க முடியாத தூரம் என்று தெரிந்தும்.

கீழ்த்தளத்து வாசல் கதவு அவளைக் கண்டதும் தானாகத் திறந்தது. முகமூடியை அவிழ்க்காமலே வெளியே போனாள்.